வண்டல் தராத வெள்ளம்

தாமிரவருணிக் கால்வாயில் பாசனம் செய்கிறவர்களுக்குக் கலங்கல் தண்ணீர் பிடிக்கும். தெளிந்து வரும் தண்ணீரைவிடப் பழுப்பேறி வரும் தண்ணீருக்கு மடையை அகலத் திறந்துவிடுவார்கள். அது வண்டலைக் கொண்டு வருகிறது, வண்டல் பயிருக்கு உரம் என்பது தலைமுறைகள் கண்ட உண்மை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்த ஆறு பெருவெள்ளமாகக் கலங்கி வந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மில்லிமீட்டர் மழை, திருச்செந்தூரில் 689, ஸ்ரீவைகுண்டத்தில் 618. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியது ஒரு பகலிலும் ஓர் இரவிலும் பெய்து தீர்ந்தது. குளங்கள் உடைந்தன, கால்வாய்க் கரைகள் உடைந்தன. தண்ணீர் வடிந்த பிறகு ஏரல், ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் பக்கம் தோட்டத்துக்குப் போனவர்கள் வண்டலைக் காணவில்லை. பல வாழைத் தோட்டங்களில் முழங்கால் புதையும் மணல். வேறு பல வயல்களில் மேல்மண்ணையே காணோம். அடியிலிருந்த கட்டித் தரை வெளியே தெரிந்தது.

ஆறு அதேதான், கலங்கலும் அதேதான். பாட்டன் காலத்தில் உரம் போட்ட தண்ணீர் இப்போது ஏன் மணலைக் கொட்டிவிட்டு மண்ணைத் தூக்கிக்கொண்டு போனது?

இதற்கு விடை தேட ஒரு கண்ணாடி பாட்டில் போதும். வயலில் ஒரு பிடி மண்ணெடுத்து பாட்டிலில் போட்டு, முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். குலுக்கி வைத்த கையை எடுப்பதற்குள் அடியில் ஒரு படிவு விழுந்துவிடும். அது மணல். அதன் மேல் இன்னொரு படிவு சேர ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். அது மாவுபோன்ற பொடிமண். அதற்கு மேலும் தண்ணீர் கலங்கலாகவே இருக்கும். மறுநாள் பார்த்தாலும் தெளிந்திருக்காது. அந்தக் கலங்கல்தான் களி. கணக்காகச் சொன்னால், ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரைச் சில நொடிகளில் கடந்து அடியில் போய் உட்காரும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பருமனுள்ள பொடிக்கு அதே ஒரு மீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஆயிரத்தில் இரண்டு பங்கு பருமனுள்ள களித்துகளுக்கு ஏறத்தாழ மூன்று நாள். மண் ஆய்வுக்கூடங்களில் ஒரு மண்ணில் மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்று அளப்பதும் இந்த முறையில்தான். குலுக்கிவிட்டு, இத்தனை நிமிடத்தில் எவ்வளவு படிந்தது என்று பார்ப்பார்கள்.

இப்போது அந்தப் பாட்டிலை ஆறாக நீட்டிப் பார்க்கலாம். தண்ணீர் மெதுவாகப் போகும் இடத்தில் களியும் பொடியும் மட்டும் மிதந்து வரும். மணல் எப்போதோ அடியில் தங்கியிருக்கும். தண்ணீர் வேகமெடுத்தால் மணலும் கிளம்பும். வேகத்துக்கும் சுமக்கும் வலிமைக்கும் உள்ள கணக்கு நம் உள்ளுணர்வுக்கு எட்டாதது. நீரின் வேகம் இரட்டித்தால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஆவதில்லை, 64 மடங்காகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுச் சொல்லப்பட்ட தோராய விதி இது. அந்த டிசம்பரில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ரயில் பாதைக்கடியில் இருந்த சரளைக்கல்லும் மண்ணும் அரித்துப்போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த 64 மடங்கை விளக்க வேண்டியதில்லை.

பழைய பாசன அமைப்பு இந்த வேகத்தை அடக்கும் ஏற்பாடு. மருதூர் அணைக்கட்டில் தேங்கி, மேலக்கால், கீழக்கால் வழியாகவும், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் தேங்கி வடகால், தென்கால் வழியாகவும் தண்ணீர் வரும்போது, ஒவ்வொரு தேக்கத்திலும் அதன் வேகம் தணிகிறது. கனமான மணல் ஆற்றிலும் அணைக்கட்டின் மடியிலும் தங்கிவிடும். சரிவு குறைந்த கால்வாயில் களியும் பொடியும் மட்டும் நகர்ந்து, குளத்தில் பாதி படிந்து, மீதி வயலில் ஒரு மெல்லிய தோலாகப் படியும். உரம் போட்டது வெள்ளமல்ல, நிதானமாக வந்த தண்ணீர். 2023-இல் தண்ணீர் கால்வாய் வழியாக வரவில்லை, உடைப்பு வழியாக வந்தது. கரை உடைந்த வாயில் நீர் பீறிட்டுப் பாயும். வயலில் பரவியதும் சட்டென்று வேகம் இழக்கும். இழந்த இடத்திலேயே மணலைப் போட்டுவிடும். உடைப்பு வாயிலிருந்து விசிறி விரித்தாற்போல மணல் பரவிக் கிடப்பதை மேலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். புவியியலார் இதைத் தனி வடிவமாகவே கணக்கில் வைத்திருக்கிறார்கள். தமிழில் ‘உடைப்பு விசிறி’ என்று சொல்லலாம். விசிறியின் காம்புப் பக்கம் பருமணல், நடுவில் பொடிமணல், ஓரத்தில் வண்டல். ஒரே ஊரில் ஒருவர் வயல் பாழாகி, அரை மைல் தள்ளி இன்னொருவர் வயல் அடுத்த பிசானப் பருவத்தில் அமோகமாக விளைந்தால் அது அதிர்ஷ்டமல்ல. இருவருடைய வயலும் விசிறியின் எந்தப் பகுதியில் இருந்தன என்பதுதான் காரணம்.

களியின் பெரும்பகுதி எந்த வயலிலும் தங்கவில்லை. படிய மூன்று நாள் கேட்கும் துகளுக்குப் புன்னைக்காயல் முகத்துவாரத்தைத் தாண்ட சில மணி நேரம் போதும்.

இங்கேதான் மண்ணரிப்பு பற்றிப் பொதுவாக நாம் வைத்திருக்கும் எண்ணம் தவறிப்போகிறது. அரிப்பு என்றால் மண் ‘குறைகிறது’ என்று நினைக்கிறோம். மண்ணின் அளவு குறைவது உண்மைதான். ஆனால் அதைவிட மோசமானது, மண் தரம் பிரிக்கப்படுகிறது. முறத்தில் நெல்லைப் புடைத்தால் கனமான மணி முறத்தில் நிற்கும், இலேசான பதர் பறக்கும். காற்றும் தண்ணீரும் மண்ணைப் புடைக்கும்போதும் இலேசானதே பறக்கிறது, கனமானதே நிற்கிறது. ஆனால் மண்ணில் இலேசானதுதான் மணி. களியும், மக்கிய தழையும் சாணமுமான மக்கும்தான் பயிர்ச்சத்தைப் பிடித்து வைத்திருப்பவை. நிற்கும் மணல் பதர். இந்தப் பிரித்தெடுப்பை ‘தேர்வரிப்பு’ எனலாம். வயலிலிருந்து வழிந்தோடும் நீரைப் பிடித்து, அதில் வந்த மண்ணையும் வயலில் எஞ்சிய மண்ணையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பல நாடுகளில் நடந்துள்ளன. ஓடிப்போன மண்ணில் மக்கின் செறிவு, நிற்கும் மண்ணைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு முதல் ஐந்து மடங்குவரை கூடுதலாக இருப்பதை அவை காட்டின. அதாவது, ஒரு டன் மண் போனால் ஒரு டன்னுக்கு உரிய சத்து மட்டும் போவதில்லை.

அளவும் சின்னதல்ல. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால், ஐந்து டன்னுக்கு மேல் போயிற்று என்று பொருள். ஒரு மில்லிமீட்டர் போனது யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு நல்ல உழவில் மறைந்துவிடும். இந்தியா முழுமைக்குமான பழைய மதிப்பீடு ஒன்று உண்டு. டேராடூன் மண்-நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த துருவ நாராயணாவும் ராம் பாபுவும் 1983-இல் வெளியிட்டது. ஆண்டுக்கு 533 கோடி டன், சராசரியாக ஹெக்டேருக்கு 16 டன்னுக்குச் சற்று மேல் என்றார்கள். கைவசமிருந்த கொஞ்சத் தரவைக் கொண்டு போட்ட கணக்கு அது, அளவை அப்படியே பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது பங்கீடு. இடம் பெயர்ந்த மண்ணில் 29 சதவீதம் கடலுக்குப் போகிறது, 10 சதவீதம் அணைகளில் படிகிறது, மீதி 61 சதவீதம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலான மண் நாட்டைவிட்டுப் போகவில்லை, ஒருவர் வயலைவிட்டுப் போயிருக்கிறது. போய்ச் சேரும் இடமும் ஓடை, பள்ளம், குளத்து மடி, அடுத்தவர் வரப்பு என்று யாருக்கும் பயன்படாத இடமாகவே பெரும்பாலும் இருக்கிறது.

எவ்வளவு போயிற்று என்று எப்படித் தெரியும்? ஆணி அடித்து வைத்து வெளியே தெரியும் நீளத்தை ஆண்டுதோறும் அளப்பது எளிய வழி. அணையில் படிந்த மண்ணைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிடுவது இன்னொன்று. மூன்றாவது வழி கொஞ்சம் வேடிக்கையானது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அப்போது கிளம்பிய சீசியம்-137 என்ற கதிரியக்கத் தனிமம் உலகம் முழுக்க மழையோடு இறங்கியது. 1963-ஐ ஒட்டி உச்சம், பிறகு தடை உடன்படிக்கை வந்து குறைந்தது. இந்த சீசியம் களித்துகளை இறுகப் பற்றிக்கொள்ளும், பயிர் உறிஞ்சுவது மிகக் குறைவு. ஆக, யாரும் உழாத, அரிக்காத ஒரு கோயில் காட்டிலோ இடுகாட்டிலோ எவ்வளவு சீசியம் இருக்கிறது என்று அளந்து, பக்கத்து வயலில் அதைவிட எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், அறுபது ஆண்டில் அந்த வயல் எவ்வளவு களியை இழந்தது என்று சொல்லிவிடலாம். மனிதன் செய்த ஒரு பொறுப்பற்ற காரியம் மண்ணியலாருக்கு அளவுகோலாகிவிட்டது. அந்த அளவுகோலும் தேய்ந்துவருகிறது. 30 ஆண்டுக்கொரு முறை சீசியம் பாதியாகிறது.

ஆற்றைவிட்டுத் தெற்கே திரும்பினால் அரிப்பின் முகம் மாறும். திருச்செந்தூரிலிருந்து காயாமொழி, குதிரைமொழி, சாத்தான்குளம் பக்கம் போனால் தேரி. இரத்தச் சிவப்பில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மணல் வெளி. ஊர்க்காரர்கள் அதைத் தெய்வ மண் என்பார்கள். தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர் வெட்டுத் திருவிழா முடிந்ததும் அந்தச் செம்மணலை முடிந்து கொண்டுபோய்த் தங்கள் வயலிலும் வீட்டிலும் போடுகிறவர்கள் இன்றும் உண்டு. கடற்கரை மணலைக் காற்று வாரி உள்நாட்டில் குவித்து, மணலில் உள்ள இரும்புத் தாதுக்கள் துருப்பிடித்துச் சிவந்து உண்டானது தேரி. மணற்குருணை கடைசியாக வெயிலைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று அதன் உள்ளே சேர்ந்த ஆற்றலை ஒளியாக வெளிப்படுத்தி அளக்கும் முறையில் பார்த்தால், சில அடுக்குகள் பத்தாயிரம் ஆண்டைத் தாண்டுகின்றன. சாயர்புரம் தேரியில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் பூட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிறு கற்கருவிகளைக் கண்டெடுத்தார். 1956-இல் தொல்லியலாளர்கள் ஸாய்னரும் ஆல்ச்சினும் இந்தத் தேரிக் கருவிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். காற்று நெடுங்காலம் புடைத்துப் போட்ட மண் எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்தத் தேரியே பாடம்.

‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பார்கள். அம்மி பறப்பதில்லை, களி பறக்கிறது. அதிலும் ஒரு புதிர் இருக்கிறது. களித்துகள்தான் மிகமிகச் சிறியது என்றால், காற்றுக்கு எளிதில் கிளம்புவதும் அதுவாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. களி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வழவழப்பாகப் படிந்திருப்பதால் வெறுங்காற்றால் அதை எளிதில் கிளப்ப முடியாது. முதலில் கிளம்புவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணல். அது பறப்பதுமில்லை, எகிறி விழுந்து, எகிறி விழுந்து போகும். விழும்போது தரையைச் சுத்தியல்போல அடித்துக் களியைத் தெறிக்க வைக்கும். தெறித்த களி காற்றில் ஏறிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடும். மணலின் இந்தத் துள்ளலை முறையாக அளந்தவர் ரால்ஃப் பாக்னால்ட். பிரிட்டிஷ் இராணுவப் பொறியாளர். லிபியப் பாலைவனத்தில் பழைய ஃபோர்டு கார்களில் சுற்றியவர். பிறகு லண்டனில் காற்றுச் சுரங்கம் கட்டி மணலை ஊதி ஊதிப் பார்த்து 1941-இல் ஒரு நூல் எழுதினார். அவர் கண்ட முக்கியமான இரண்டு செய்திகள் நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். ஒன்று, காற்றின் வேகம் இரட்டித்தால் நகரும் மணல் ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. ஆகவே ஆண்டு முழுக்க வீசும் மென்காற்றைவிட ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களின் வழியே இறங்கும் சில வாரக் காற்றுதான் கேடு செய்கிறது. அதுவும் வடகிழக்குப் பருவமழையை நம்பிய இந்தச் சீமையில் நிலம் காய்ந்து வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில். இரண்டு, துள்ளும் மணலில் பெரும்பகுதி தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள்ளேயே ஓடுகிறது.

இரண்டாவது செய்தியைக் கேட்டதும் பனையைப் பற்றி நாம் வழக்கமாகப் பேசுவதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். தேரி மண்ணைப் பிடித்து நிறுத்துவது பனை என்பது மேடைதோறும் கேட்கும் பேச்சு. வளர்ந்த பனையின் வேர் அடி மண்ணைப் பிடிக்கிறது, மறுப்பில்லை. ஆனால் ஐம்பது அடி உயரத்தில் ஓலை வைத்துக்கொண்டு, கீழே மொட்டையாக நிற்கும் மரம் முழ உயரத்தில் ஓடும் மணலை எப்படித் தடுக்கும்? அதைத் தடுப்பது வடலி. ஓலை தரையைத் தொட்டு நிற்கும் இளம்பனைப் புதர் அது. கூடவே நடுவில் உடைமரமும் முந்திரியும், வரப்பில் கற்றாழை, விளை என்கிற புன்செய்த் தோட்டத்தைச் சுற்றி அடைத்த பனைமட்டை வேலி. வேலியும் சுவர்போல முழுக்க அடைபட்டிருக்கக் கூடாது. காற்றைப் பாதி விட்டுப் பாதி நிறுத்தும் வேலிதான் அதன் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம்வரை காப்பாற்றும். அடைபட்ட சுவரின் பின்னால் காற்று சுழன்று விழுந்து மண்ணைத் தோண்டும். வடலி வளர்ந்து பனையாகி, புதிய வடலி வைக்க ஆளில்லாமல் போன விளைகளில் மரம் இருந்தும் மண் நகர்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சிதான். அடுத்த தலைமுறைக்குப் பயினி என்ற பதநீர் இறக்கப் பனை வேண்டுமானால் இப்போது வடலி வேண்டும்.

மண் இப்படித் தரம் பிரிந்து போனால் வீட்டுச் சோற்றுப்பானைக்கு என்ன ஆகிறது?

‘விளைச்சல் குறையும்’ என்று எல்லாரும் சொல்வார்கள், எவ்வளவு என்பதில்தான் சிக்கல். அளக்க மூன்று வழிகள் வழக்கத்தில் உண்டு. மேல்மண்ணை இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் பயிர் வைத்துப் பார்ப்பது ஒன்று. ஒரே சரிவில் மேட்டிலிருந்து பள்ளம்வரை விளைச்சலை ஒப்பிடுவது இன்னொன்று. குறைய அரித்த, நிறைய அரித்த இரு வயல்களை ஒரே பராமரிப்பில் வைத்து ஒப்பிடுவது மூன்றாவது. இப்படி நடந்த சோதனைகளை 2004-இல் பாக்கரும் உடன் ஆய்வாளர்களும் தொகுத்தபோது, பத்து சென்டிமீட்டர் மண்ணிழப்புக்குச் சுரண்டல் முறையில் ஏறத்தாழ 27 சதவீதம், சரிவு முறையில் 11, வயல் ஒப்பீட்டில் 4 சதவீதம் என்று விளைச்சல் இழப்பு வந்தது. ஒரே கேள்விக்கு மூன்று விடை. சுரண்டும்போது பல நூறாண்டு இழப்பு ஒரே நாளில் நிகழ்கிறது, ஆகையால் மிகையாகத் தெரிகிறது. வயல் ஒப்பீட்டில் உரமும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்துவிடுவதால் மண்ணின் குறை மறைந்துவிடுகிறது. இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மேல் நாலு விரற்கடையிலேயே சத்தெல்லாம் அடங்கியிருக்கும் வெப்பமண்டல நிலத்துக்கு அந்த 4 சதவீதம் ஆறுதல் தராது.

ஆனால் அந்தச் சின்ன எண்ணில்தான் விவசாயக் குடும்பத்தின் கதை ஒளிந்திருக்கிறது. குறை மறைந்தது சும்மா இல்லை, காசு கொடுத்து மறைக்கப்பட்டது. போன சத்துக்கு ஈடாக இன்னொரு மூட்டை யூரியா, போன ஈரத்துக்கு ஈடாக இன்னொரு தண்ணீர். களியும் மக்கும் உள்ள மண் ஓரடி ஆழத்தில் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீரை ஏறத்தாழ 45, 50 மில்லிமீட்டர் தேக்கி வைக்கும். மணல் இருபதைத் தாண்டினால் பெரிது. வெயில் நாளில் பயிருக்கு ஐந்து மில்லிமீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், முதல் வயலுக்கு ஒன்பது, பத்து நாளைக்கொரு தண்ணீர் போதும். இரண்டாவதற்கு நான்கு நாளைக்கொரு முறை மோட்டார் போட வேண்டும். நெல் மூட்டை எண்ணிக்கை இரண்டு வயலிலும் ஒன்றாகவே இருக்கலாம். விற்று வந்த காசில் வீட்டுக்கு மிஞ்சியது ஒன்றாக இராது. மண்ணரிப்பு வீட்டுக்குள் முதலில் பசியாக வருவதில்லை, கடனாக வருகிறது.

இன்னொரு வழியாகவும் வருகிறது. பிசான நெல் அறுவடைக்கு முன்பே, ஈரம் காயாத வயலில் உளுந்தையோ பாசிப்பயறையோ விதைத்துவிடுவது நஞ்சையில் வழக்கம். அந்தப் பயறுக்குத் தனியாகத் தண்ணீர் விடுவதில்லை, உரம் வைப்பதில்லை. மண்ணில் எஞ்சிய ஈரத்தையே நம்பிய பயிர். களி போன வயலில் நெல்லைக் காப்பாற்றிவிடலாம், இதைக் காப்பாற்ற முடியாது. தேரியோரத்து விளைகளில் காணமும் (கொள்ளும்) எள்ளும் கம்பும் அருகிப்போனதற்குக் கூலி, சந்தை, கிணறு என்று பல காரணங்கள் உண்டு. மண் மெலிந்ததும் அவற்றில் ஒன்று. முதலில் போவது விற்பனைப் பயிரல்ல, வீட்டுக்கென்று ஓரத்தில் விதைத்த பயிர்.

உணவுப் பாதுகாப்பு என்பதற்கு உலக அளவில் நான்கு கால்கள் சொல்கிறார்கள்: உணவு இருத்தல், அது நம் கைக்கு எட்டுதல், உடம்பில் ஒட்டுதல், இது எல்லாக் காலத்திலும் நிலைத்தல். தமிழ்நாட்டில் முதல் இரண்டு கால்களை ரேஷன் கடை ஓரளவு தாங்கிப் பிடித்திருக்கிறது. 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலை இல்லை. அதனால் மண் போன வீட்டிலும் உலை கொதிக்கிறது, மண்ணிழப்பு புள்ளிவிவரங்களில் பசியாகப் பதிவாவதில்லை. ஆனால் அரிசியால் ஈடுகட்ட முடியாதது பயறு. பயறு, முட்டை, இறைச்சி வகை சேர்ந்து பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 85 கிராம் வேண்டும் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் பத்துக் கிலோ. ரேஷனில் கிடைக்கும் துவரம்பருப்பு ஒரு கிலோ. மீதியில் கொஞ்சமாவது வயலிலிருந்து வந்த வீட்டில், அது வராமல் போகும்போது சாம்பார் தண்ணியாகிறது. அதிலும் கடைசியில் சாப்பிட உட்காரும் பெண்ணின் தட்டில் பருப்பு எவ்வளவு இருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

வெள்ள மணலுக்குத் திரும்புவோம். அந்த வெள்ளத்தின்போது இருந்த பேரிடர் நிவாரண விதிகளின்படி, வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால் அதை அகற்றச் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். ஏக்கருக்கு ஏறத்தாழ 7,300. ஒரு ஏக்கரில் மூன்று அங்குல மணல் என்றால் ஏறக்குறைய 109 யூனிட் (யூனிட் என்பது நூறு கன அடி). சாதாரண டிராக்டர் டிப்பரில் நூறு நடைக்கு மேல். யூனிட்டுக்கு 67 ரூபாய் ஆகிறது. அந்தக் காசுக்கு மணலை வாரி ஏற்றி இறக்க முடியுமா என்று டிராக்டர் வைத்திருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். முழங்கால் மணலுக்கு என்ன கணக்கு என்று கேட்கவே வேண்டாம்.

மருந்து இல்லாமலில்லை, அதுவும் இந்த ஊருக்குத் தெரிந்த மருந்துதான். ஆற்றிலும் வயலிலும் தரம் பிரிந்து போன களியில் ஒரு பகுதி குளத்து மடியில் படிந்து கிடக்கிறது. கோடையில் அதை வெட்டி வந்து புஞ்சையில் கொட்டுவதைக் கரம்பை அடிப்பது என்பார்கள். புடைத்துப் பறந்ததைத் திரும்ப அள்ளி வந்து சேர்க்கும் வேலை. ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர் என்ற அளவில் குளத்து வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள 2017-இல் அரசு வழி செய்தது. 2024 முதல் வட்டாட்சியர் அலுவலகத்திலேயே அனுமதி வாங்கலாம். 75 கனமீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கொஞ்சம்போலத் தோன்றும், இயற்கை அதை உண்டாக்கப் பல நூறாண்டு எடுக்கும். ஆனால் மண் இலவசம், வண்டிக்கூலி இலவசமல்ல. இந்தப் பள்ளத்தாக்கில் கோயில் நிலமும் மடத்து நிலமும் நிறைய. வாழை போடுகிறவர்களில் பலர் குத்தகைக்காரர்கள். அடுத்த ஆண்டு இந்த வயல் கையில் இருக்குமா என்று தெரியாதவர் பத்தாண்டுக்குப் பலன் தரும் கரம்பையை ஏன் அடிப்பார்? தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும், வாழைச் சருகை எரிக்காமல் மூடாக்காகப் போடுவதும் செலவு குறைந்த வேலைகள். அவற்றையாவது குத்தகைக்காரர் செய்வார். மணல் விசிறி விழுந்த வயலில் அதுவும் போதாது, முதலில் மணலை அள்ளியாக வேண்டும்.

எவ்வளவு போயிற்று என்று தெரிய, முதலில் எவ்வளவு இருந்தது என்று எங்காவது பதிவாகியிருக்க வேண்டும். மண்வள அட்டை 2015 முதல் கொடுக்கப்படுகிறது. அதில் 12 அளவீடுகள் உண்டு: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பு, கரிமக் கார்பன். எல்லாம் அந்த நேரத்தில் மண்ணில் என்ன இருக்கிறது என்று சொல்பவை. மேல்மண் எத்தனை விரற்கடை ஆழம், அதில் களி எத்தனை பங்கு என்ற இரண்டும் அதில் இல்லை. இவை ஒரு முறை அளந்து வைத்தால் பத்தாண்டு கழித்து ஒப்பிடக் கூடியவை. களிக்கு மேலே சொன்ன பாட்டிலே போதும். ஆழத்துக்கு ஒரு மண்வெட்டி. குழி வெட்டி, கறுத்த மண் முடிந்து வெளிறிய மண் தொடங்கும் இடத்தை ஸ்கேலால் அளந்து, தேதி போட்டு, சர்வே எண்ணோடு ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டியதுதான். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி மாணவர்களுக்குக் களப்பணியாகவே இதைக் கொடுக்கலாம். அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு மேல்மண் போன வயலுக்கு நிவாரணம் கேட்டுப் போகிறவரிடம், முன்பு எவ்வளவு இருந்தது என்று அதிகாரி கேட்டால் காட்ட ஏதாவது இருக்கும்.